கஞ்சித் தண்ணியும் ஜோலும்

தொண்ணூறுகளின் நடுவில் கொல்கத்தாவில் ஒரு ராணுவ மெஸ்ஸில் பகுதிநேரச் சமையல்காரனாக இருந்தேன். பாலிகஞ்ச் பக்கம், சுபேதார்கள் சாப்பிடுகிற மெஸ். காலையில் ஒரு தமிழரின் இட்லிக் கடையில் மாவாட்டி, சட்னி அரைத்து முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் இங்கே வருவேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஜாதவ்பூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குத் திரும்புவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உடுப்புப் போட்ட யாரைப் பார்த்தாலும் பயம். கேட்டில் நிற்கிற சிப்பாய்க்கு என்னை நன்றாகத் தெரியும், "போ, போ" என்று சிரிப்பான். நான் தினமும் பாஸை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, மறுநாள்வரை அலமாரியில் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் அதைத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். மற்றவர்களுக்கு அது வெறும் கிண்ணம். எனக்கு அது போலீஸ் ஸ்டேஷன். வீட்டில் படுத்த பிறகு பருப்பு சரியாக வெந்ததா என்று நினைப்பு ஓடும். "தூங்குங்க, கிண்ணம் எந்திரிச்சா வரப்போகுது?" என்பாள் என் மனைவி.

மெஸ்ஸின் பெரிய சமையல்காரர் ஒரு வங்காளி. ஐம்பதைத் தாண்டியவர், எப்போதும் கன்னத்தில் பான். எல்லாரையும்போல நானும் அவரை தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு என் பயம் ஒரு பொழுதுபோக்கு. "மாத்ராஜி, உன் பருப்பு எழுந்து உட்கார்ந்து அழுகிறது, போய்ப் பார்" என்பார். பாதி இந்தியிலும் பாதி வங்காளத்திலும் பேசுவார். இந்தி எப்படியோ பிடிபட்டுவிட்டது. வங்காளம்தான் காலை வாரும். அதிலும் மூன்று வார்த்தைகள். தண்ணீருக்கு ஜொல். குழம்புக்கு ஜோல். காரத்துக்கு ஜால். இப்போது எழுதும்போது வேறுவேறாகத்தான் தெரிகிறது. வாயில் பானோடு ஒருவர் சொல்லும்போது என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். நம் பாஷையில் இருப்பது ஒரே ஒரு ஜ. அவர்களிடம் இரண்டு இருக்கிறது. ஒருமுறை அவர் குடிக்க ஜொல் கேட்டு, நான் மீன் குழம்பை நீட்டியிருக்கிறேன்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் ஒரு சுபேதார். கோவில்பட்டிப் பக்கம். இட்லிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏலே, நீ நம்ம பக்கமால்லா?" என்று கேட்டதில் தொடங்கியது. குரல் பெரிது. எதற்கும் வைவார். வைதபின் தோளில் ஒரு தட்டு. நான் பயப்படாமல் பேசிய ஒரே உடுப்பு அவர்தான்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்து, கண்ணிலிருந்து மஞ்சள் இறங்கியதும் திரும்பினார். ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். மஞ்சள் இறங்கியும் பசி திரும்பவில்லை. சோறு, சப்பாத்தி, ரொட்டி எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளினார். எடை ஏறவில்லை என்றால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். சேர்த்துவிட்டால் லீவு கிடையாது. தை மாசம் ஊரில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"பொண்ணத் தாரை வார்க்க நான் இல்லாம எப்படிலே?" என்று ஒருநாள் கேட்டார். குரலே இல்லை. அவர் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது பார்த்து தாதா தங்கை வீட்டு விசேஷத்துக்குச் சில நாள் லீவில் போனார். லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், மெஸ் வாசலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்: "சுபேதார் சாபுக்கு ஷுது ஜோல் தெபே! ஆர் கிச்சு நா!"

ஷுது என்றால் மட்டும். ஆர் கிச்சு நா என்றால் வேறொன்றும் வேண்டாம். நடுவில் இருந்ததுதான் என் தலைவிதி. எனக்குக் கேட்டது ஜொல். தண்ணீர் மட்டும் கொடு, வேறொன்றும் கொடுக்காதே.

 ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற மனுஷனுக்கு வெறும் தண்ணியா? டாக்டர் தாதாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் கேட்பது? மெஸ் ஹவில்தாரிடம் கேட்டால், "பெரிய சமையல்காரன் சொன்னபடி செய்" என்று ஒரே வரியில் முடித்தார். அன்றைக்குச் சுபேதாருக்கு வெந்நீரும் குளுக்கோஸும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி விஷயத்தைக் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தண்ணின்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"என்ன தண்ணின்னு சொன்னாரா?"

"இல்ல."

"அப்போ கஞ்சித் தண்ணி குடுங்க. அதுவும் தண்ணிதானே. யாரு வந்து கேப்பா?"

மறுநாள் அப்படியே செய்தேன். வங்காளத்தில் தினச் சோறே புழுங்கலரிசிதான். கஞ்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அரிசியைக் குழைய வேகவிட்டு, மசித்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்புப் போட்டு, ஆறவைத்து ஒரு டம்ளரில் கொண்டுபோனேன். மெஸ்ஸை ஒட்டிய தன் அறையில் சுபேதார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பெரிய சமையல்காரர் சொன்ன தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளருக்குள் பார்த்தார்.

"இத எங்கலே புடிச்ச?"

"இங்கதான் ஐயா. மெஸ் அரிசி."

டம்ளரை மறுபடி வாயில் வைத்தார். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். கீழே வைக்கவில்லை, நீட்டினார். நான் ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் கஞ்சி கெட்டியானது. மசித்த சோறும் சேர்ந்தது. நான் அவர் அறை வாசலிலேயே நின்று, வாந்தி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். "அங்க நின்னு என்னலே ஒட்டுக்கேக்க?" என்பார், மெலிந்த குரலில்.

தாதா திரும்பி வந்தார். வந்ததும் அடுப்பைப் பார்த்தார். வடிகட்டிய கஞ்சி ஒரு பாத்திரத்தில் இருந்தது.

"இந்த ஃபேன் யாருக்கு?"

அவர்கள் பாஷையில் கஞ்சித் தண்ணிக்கு அதுதான் பெயர். சுபேதாருக்கு என்றேன். அவர் முகம் அப்படி மாறி நான் அதுவரை பார்த்ததில்லை.

"சுபேதார் சாபுக்கு ஃபேன் கொடுத்தாயா? நான் ஜோல் என்றேனே! பச்சைப் பப்பாளி, வாழைக்காய் போட்டு, காரமில்லாத ஜோல்!"

"தாதா, நான் ஜொல் என்று..."

வேறு நாளாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பானைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்பத்து மூன்றில் வங்காளத்தில் வந்த பஞ்சத்தின்போது அவர் அம்மா மடியில் கைக்குழந்தையாம். ஜனங்கள் வாசல் வாசலாக வந்து நிற்பார்களாம். சோறு கேட்கமாட்டார்கள், சோறு கேட்கக் கூச்சம். "ஃபேன் தாவ் மா", கஞ்சித் தண்ணி குடு அம்மா, என்றுதான் கேட்பார்களாம். அந்தக் குரலை அம்மா அவரிடம் பலமுறை செய்து காட்டியிருக்கிறாள். அவர் வீட்டில் சோறு வடித்த தண்ணீரை மாட்டுக்குத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை.

"எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் அம்மா கொடுப்பது இதுதான், தாதா" என்றேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு?

அவர் எழுந்தார். பப்பாளியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். ஜோல் தயாரானதும் தானே கையில் ஏந்திக்கொண்டு சுபேதார் அறைக்குப் போனார். எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். இட்லிக் கடையில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்வார்களா என்றுகூடக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாதா காலிக் கிண்ணத்தோடு வந்தார்.

"குடித்தாரா?"

"இல்லை. மசித்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்." கிண்ணத்தைக் கழுவப் போட்டார். "உன் சோறு, என் ஜோல். நல்லாயிருக்கிறதாம்."

மறுநாள் நான் வந்தபோது, காலைச் சோறு வடித்த தண்ணீர் ஒரு சுத்தமான பாத்திரத்தில், மேலே தட்டு போட்டு மூடி, மேடையில் தனியாக இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை. தாதாவும் அந்தப் பக்கம் பார்க்காமல் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சுபேதாரின் சாப்பாடு இரண்டு பேர் வேலையானது. கஞ்சியும் மசித்த சோறும் என் பொறுப்பு, ஜோல் அவர் பொறுப்பு. டாக்டர் எடை பார்த்துத் தலையாட்டினார் என்று ஹவில்தார் வந்து சொன்னார். லீவுக்கும் எழுதியாயிற்று என்றார். நான் நம்பவில்லை. ஒரு தடவை ஏறிய எடை இறங்காதா? தை வர இன்னும் எத்தனை நாள் கிடக்கிறது?

இப்படியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மெஸ் சமையலறைக் கதவு படீரென்று திறந்தது. சுபேதார். லுங்கியும் பனியனுமாக, கையில் தட்டோடு, தன் காலால் நடந்து வந்திருந்தார்.

"ஏலே! ரெண்டு பேரு நின்னு சமைக்கிய! ஒரு கல்லு உப்புப் போட ஆளில்லையா? ஒருத்தன் போடுவான்னு ஒருத்தன் பாத்துட்டு நின்னீங்களாக்கும்! இது மனுஷன் திங்குற சோறா? கல்யாண வீட்டுலயும் இப்படித்தான் ஆக்கிப் போடுவீங்களோ?"

அறை அதிர்ந்தது. பழைய குரல், முழுக் குரல்.  என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. உப்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பிசைந்து, அங்கேயே நின்றபடி இரண்டு வாய் தின்றார். "ம்" என்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத தாதா, கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார் போல.

"என்ன சொன்னார்?"

"வைதார் தாதா. இரண்டு பேரையும் சேர்த்து."

"ரொம்பவா?"

"ரொம்ப."

தாதா புது பான் ஒன்றை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "பாலோ" என்றார். நல்லது என்று அர்த்தம்.