குழாய் அக்காவின் லோஷன்

ஓடாமல் நிற்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் குழாய் அக்காவால் முடியாது. சிக்னலில் வண்டிகள் நின்றால்கூட, பஸ்ஸிலிருந்து இறங்கி முன்னால் போய் என்னவென்று பார்த்துவிட்டு வருவார். பிளம்பர் வேலை அப்படி ஊறிவிட்டது. சிமெண்டிலும் சாக்கடையிலும் புழங்கி உள்ளங்கை உப்புத்தாளாகிப் போனதால்தான் வீட்டிலேயே லோஷன் செய்யத் தொடங்கினார்.

வாசனை பிரமாதம். ஆனால் கையில் ஊற்றினால் முழங்கை வழியாக இறங்கித் தரையைத் தொட்டுவிடும்.

"அண்ணி, இதைக் கஸ்டமருக்குத் தடவினா பின்னாடியே ஒருத்தி மாப்போட நிக்கணும்" என்றாள் அழகு நிலையம் வைத்திருக்கும் நாத்தனார். "நாளைக்குக் காலைல கெட்டியா கொண்டு வாங்க. இல்லேன்னா அலமாரில வேற சாமான் ஏறிடும்."

அடைப்பு எடுக்கிறவர் என்றுதான் தெருவே அக்காவை அறியும். தன் கையால் செய்த மணமான ஒன்று, ஒரு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் எண்ணெயையும் மெழுகையும் ஒரு பாத்திரத்தில் உருக்கினார். தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றிக் கலக்கினார். ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்த கணவர், ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"மெழுகு பத்துமா?"

"போன தடவையைவிட ஒரு பிடி கூட."

"அப்புறம் ஏன் ஓடுது?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாயைக் குடுக்கறேன்?"

கலவை வெளுத்தது. ஆற ஆறக் கரண்டி இழுக்க ஆரம்பித்தது. அக்காவின் இடது கை தானாகக் கெட்டிலை எடுத்து மடமடவென்று வெந்நீரை ஊற்றியது.

கணவர் துள்ளி எழுந்தார். "என்ன ஊத்துன?"

"நான் எங்க ஊத்துனேன்?"

"இப்ப! என் கண்ணு முன்னாடி!"

அக்கா கையில் இருந்த கெட்டிலை அப்போதுதான் பார்த்தார். "அது... அடைச்சுக்கிட்டு வந்துச்சுங்க. கொஞ்சம் விட்டேன்."

"அது அடைப்பு இல்லம்மா, கெட்டியாகுது! இதுக்குத்தானே இத்தனை நாளா தவம் கிடக்கற?"

அந்தப் பாத்திரத்தில் இருந்தது கால் கழுவத்தான் ஆனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கரண்டி இழுக்கும் கட்டம் வந்ததும் கணவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். கெட்டில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தது.

"பாக்கவே நெஞ்சை அடைக்குதுங்க."

"வெளிய போய் நில்லு."

அக்கா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்காவது உடம்புக்கு முடியலையா?"

"இல்ல, லோஷன் கெட்டியாகுது."

"ஐயோ பாவம்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனார் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார். நாத்தனார் பாட்டிலின் அடியில் ஒரு தட்டு தட்டினாள். சொத்தென்று வெள்ளையாக ஒரு உருண்டை உள்ளங்கையில் விழுந்து, கையைச் சாய்த்தும் அசையாமல் உட்கார்ந்தது.

நாத்தனார் தடவி, முகர்ந்து, அலமாரியில் மற்றதையெல்லாம் ஒதுக்கி, பாட்டில்களைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி வேணும் அண்ணி."

"உங்க அண்ணனைக் கேளு" என்றார் அக்கா. "கரண்டி பிடிக்க அவர்தான் லீவு போடணும்."