ஐந்து, நாலு, மறுபடி ஐந்து

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்ததால் பேசாலையில் வலைவேலை இல்லை. முருங்கனில் இலவசக் கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். முதல் பயிற்சியை முடிக்காதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பயிற்சி இதுதான்: ஐந்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து, பூச்சியத்தில் நிற்கும் புரோகிராம். கொம்பியூட்டருக்குள்ளே, படிப்பிப்பதற்கென்றே செய்த ஒரு பாவனை மிசின் அதை ஓட்டும். என்னுடையது நிற்கவே இல்லை.

"அக்கா, உங்கட மிசின் விடியும்வரைக்கும் ஓடும்போல," என்று பக்கத்துக் கதிரைப் பெட்டை சிரித்தாள்.

மிஸ் பிழை பார்க்கும் டிபக்கரைத் திறந்தார். "விசையில ஒரு தட்டுக்கு ஒரு வரிதான் போகும். எண் நிக்கிற இந்தப் பெட்டியைப் பாருங்கோ."

தட்டினேன். முதல் வரி பெட்டியில் ஐந்தைப் போட்டது. மஞ்சள் கோடு ஒரு வரி இறங்கியது. தட்டினேன். நாலு. அடுத்த தட்டில் கோடு முதல் வரிக்கே ஏறியது. இன்னொரு தட்டு, மறுபடி ஐந்து.

"ஏன் முதல் வரிக்குப் போகச் சொன்னனீங்கள்?"

"ஆமி மறிச்சுச் சோதிக்கிற செக்பொயின்றில அப்பிடித்தானே மிஸ்? திருப்பி அனுப்பினால் வரிசையில முதலிலயிருந்துதானே வரவேணும்."

மிஸ் சிரிக்கவில்லை. "இஞ்ச எங்க போகவேணும் எண்டு எழுதிறது நீங்கள்தான்."

ஒன்று குறைக்கும் இரண்டாம் வரிக்குப் போ என்று மாற்றினேன். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம். நின்றது. இடமும் தங்கியது.

பின்னேரம் செக்பொயின்றில் எனக்கு முன்னால் நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வரிசையின் கடைசிக்குப் போனார். அப்படிப் போகவேண்டும் என்று எழுதியதும் யாரோ ஒரு ஆள்தான் என்று அன்றுதான் யோசித்தேன்.