மாறுதல் உண்டு

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பதினோரு வாடகைக் கார்கள் நிற்கும். பத்து வண்டிகள் வருவது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். சின்னக்கண்ணுவின் அம்பாசடர் மட்டும் தெருமுனை திரும்புவதற்கு முன்பே காதில் விழும். 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் தூக்காமலே "நாகம் வருது" என்பார்கள். ஊரை ஒட்டி ஓடுவதும் நாகநதிதான் என்பதால் பட்டப்பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அந்தச் சீறல் ஒரு கல்யாணத்தில் பிறந்தது. 1976 தை மாதம், ஒரு பட்டு வியாபாரி வீட்டுப் பெண்ணையும் உறவுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு சின்னக்கண்ணு திருப்பதி மலை ஏறினார். ஆறு பேர், மூன்று டிரங்குப் பெட்டி. மூன்று இடத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. மேலே போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்ணின் தாய்மாமன் சின்னக்கண்ணுவிடம் வந்து, "உன் வண்டிக்கு முன்னால ரெண்டு மாட்டைக் கட்டியிருந்தா அப்பவே வந்திருப்போம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னக்கண்ணு ஊர் திரும்பிய மறுநாளே மெட்ராசுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவருடைய அப்பா செய்யாறு பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சின்னக்கண்ணு ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அரிசி மில் லாரியில் கிளீனராக ஏறி, பட்டறையில் கை பழகி, டிரைவராகி, முப்பது வயதில் பழைய கார் ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனவர். குடும்பத்துக்கு நிலம், வீடு, மாடு எல்லாம் அந்தக் கார்தான்.

மெட்ராஸ் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்தார். நசுங்கிப்போன ஒரு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இரட்டைக் கார்பரேட்டர் கிடைத்தது. அம்பாசடர் இன்ஜினும் அந்தக் கார் இன்ஜினும் ஒரே வம்சம். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. காற்றும் பெட்ரோலும் இரண்டு வாயால் உள்ளே போக, வண்டி சீற ஆரம்பித்தது. லேத்துப் பட்டறையில் இன்ஜின் தலையை ஒரு தாள் கனத்துக்குச் சீவினார். ரேடியேட்டரைப் பெரிதாக்கினார். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினார். அடுத்த நடையில் அதே ஆறு பேர் பாரத்தோடு மலையை ஒரே மூச்சில் ஏறியது நாகம். அந்த வருஷத்திலிருந்து ஆரணியில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் அன்றைக்கு நாகம் காலியா என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஸ்டாண்டில் சிநேகிதன் என்று சொன்னால் அது குப்புராஜ். "எனக்கும் அதே மாதிரி மாட்டிவுடு அண்ணே" என்று ஒரு வருஷம் பின்னால் சுற்றினான். சின்னக்கண்ணு தம் கையாலேயே அவன் வண்டிக்கும் இரட்டைக் கார்பரேட்டர் மாட்டிக் கொடுத்தார். கொஞ்ச காலம் ஸ்டாண்டுக்கு இரண்டு நாகம்.

இதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. எல்லா வண்டியிலும் ஏதோ ஒன்றை மாற்றியிருந்ததால் ஸ்டாண்டில் அதை யாரும் திருட்டுத்தனம் என்று நினைத்ததில்லை. வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. வாங்க வேண்டும். அதற்கு முதல்நாள் பழைய ஒற்றைக் கார்பரேட்டரை மாட்டிக்கொண்டு வேலூர் போவது, திரும்பி வந்ததும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது. 'வேஷம் கட்டறது' என்று அதற்குப் பெயர். சின்னக்கண்ணு மூன்று வருஷம் வேஷம் கட்டினார்.

1979 ஆவணி. மழை பிசுபிசுத்த ஒரு சாயங்காலம், போளூர் ரோட்டில் குப்புராஜின் வண்டிக்குக் குறுக்கே ஒரு எருமை வந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் வழுக்கிப் போய்ப் புளியமரத்தில் மோதியது. அவனுக்கு வலது கால் முறிந்தது. வண்டி பாதியாக மடங்கியது. சவாரி ஏதும் இல்லாததால் வேறு உயிருக்கு ஆபத்தில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாக இருந்தார்கள். கம்பெனியின் ஆள் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஐப்பசியில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. குப்புராஜ் கட்டுக் காலோடு ஸ்டாண்டுக்கே வந்து, அதை தசரதனிடம் நீட்டினான். தசரதன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அது பகுதி நேர வேலை. முழு நேரமும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பட்டா மாறுதலுக்கு மனு எழுதுகிறவர்.

தசரதன் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "வண்டியில ஆல்டரேஷன் பண்ணிகினு, ஃபாரத்துல இல்லைன்னு எழுதினதால உன் வண்டிக்கு ஒண்ணும் கிடையாதாம்."

"இல்லைன்னு எவன் எழுதனான்?"

"நீதானப்பா சொன்னே. மாறுதல் ஏதாச்சும் உண்டானு கேட்டேன். இல்லைன்னே."

குப்புராஜுக்கு முகம் சிவந்தது. "யோவ்! மாறுதல்னா பேர் மாறுதல் இல்லையா? வண்டி என் பேர்லதான கீது, அதான் இல்லைன்னேன்!"

இருபது வருஷமாக தசரதன் வாயில் மாறுதல் என்றால் பட்டா மாறுதல், பெயர் மாறுதல். ஃபாரத்தில் இருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அந்தத் தமிழை அவரே போட்டுக்கொண்டு, அந்த அர்த்தத்திலேயே பதினோரு பேரிடமும் கேட்டிருக்கிறார். பதினோரு பேரும் அந்த அர்த்தத்திலேயே 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

குப்புராஜ் சின்னக்கண்ணுவின் பக்கம் திரும்பினான். "நாகத்த மாட்டிவுட்டியே அண்ணே, விஷத்த சொல்லலியே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சின்னக்கண்ணுவின் பாலிசி முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இந்தத் தடவை ஃபாரத்தின் மாறுதல் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

தசரதன் பதறிப்போனார். "கழட்டிட்டு இல்லைன்னு எழுதிக்கோயேன்!"

"கழட்டினா மலை ஏறாது. மலை ஏறலன்னா எனக்குச் சோறு கிடையாது."

"இருக்குதுன்னு எழுதினா கம்பெனிக்காரன் பிரேக் இன்ஸ்பெக்டர் சீட்டு கேப்பான். அவரு ஆவாதுன்னுட்டா எஃப்.சி.யே பூடும். வண்டி வீட்டு வாசல்ல நிக்கும், தெரிதா?"

"தெரிது. இப்ப ஓடறதும் வெறும் காகிதத்த நம்பிகினுதான?"

ஸ்டாண்டில் விஷயம் பரவியது. வேடியப்பன் என்ற டிரைவர் நேராகவே வந்து கேட்டார். "இன்னா சின்னக்கண்ணு, நீ ஒருத்தன் யோக்கியன் ஆவறதுக்கு எங்க ஒம்போது பேரு வண்டியயும் தொறந்து காட்டணுமா?" இரண்டு நாள் யாரும் அவருக்குச் சவாரி கைமாற்றி விடவில்லை.

வீட்டில் மனைவி தெய்வநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பயம் அவளுக்கும் இருந்தது. கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு நாள் புதுப்பேட்டயில சோறு தண்ணி இல்லாம திரிஞ்சு கொண்டாந்து மாட்டினது. அதப் போயி இல்லைன்னு எழுதிகினு வந்தியே, நாளைக்கு ஃபாரத்துல பொண்டாட்டி உண்டானு கேட்டா இன்னா எழுதுவே?"

"அதுக்கும் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும்னு சொல்லுவான்."

"வரட்டும். நல்லா நாலு கேள்வி கேக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் சம்மதம்.

மறுநாள் காலை, கோடு போட்ட தாளில், தமிழில், தான் வண்டிக்குச் செய்ததையெல்லாம் சின்னக்கண்ணு எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்தார். தான் செய்த வேலையை எழுத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை. பிறகு, வேஷம் கட்டாமல், இரண்டு கார்பரேட்டரோடும் வேலூருக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

கம்பெனி ஆபீசில் இருந்த அதிகாரி இளைஞர். தாளை இரண்டு தடவை படித்தார். "இந்தக் கட்டத்துல உண்டுன்னு எழுதிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். இதை எப்படி எடுத்துக்கறதுன்னு நானே மேலே கேட்கணும்" என்றார். கேட்டு, மத்தியானத்துக்கு மேல் வழி சொன்னார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தால், கம்பெனி கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு மாறுதலைப் பாலிசியிலேயே குறித்துவிடும்.

மோட்டார் வாகன ஆய்வாளரைத்தான் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் மெலிந்த, நிதானமான மனிதர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, வேலையை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"நான்தாங்க."

"நல்லா இருக்கு." மூடினார். "ஓட்டத்தைக் கூட்டியிருக்கே. நிறுத்தத்தைக் கூட்டினியா?"

சின்னக்கண்ணுவுக்குப் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆள் நடமாட்டமில்லாத ஒரு இறக்கத்துக்கு ஓட்டச் சொன்னார். ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டார். முதல் கோட்டில் பிரேக் மிதிக்க வேண்டும், இரண்டாவது கோட்டுக்குள் நிற்க வேண்டும். சின்னக்கண்ணு மேலேயிருந்து வந்து, முதல் கோட்டில் முழுக் காலையும் கொடுத்து மிதித்தார். வண்டி இரண்டாவது கோட்டைத் தாண்டி, இன்னும் ஒரு வண்டி நீளம் போய் நின்றது.

இறங்கி வந்து கோட்டையும் வண்டியையும் பார்த்தார். போளூர் ரோட்டுப் புளியமரம் கண்ணெதிரே வந்தது. எருமை, மழை, குப்புராஜின் நேரம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் அந்த ஒரு வண்டி நீளத்தில் அடங்கிப்போயிற்று. மலை ஏறுவதையே நினைத்தவர், இறங்குவதை ஒரு நாளும் நினைக்கவில்லை.

"இப்பவே உன் எஃப்.சி.யை நான் நிறுத்தி வைக்கலாம். தானா வந்து சொன்னவன்கிறதால ஆறு நாள் தரேன். அதுவரைக்கும் சவாரி ஏத்தக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுபடி புதுப்பேட்டை. இந்தத் தடவை இன்ஜின் பக்கமே திரும்பவில்லை. ஒரு பழைய வேனின் பெரிய பிரேக் டிரம்களும் அவற்றின் உள்ளே அழுத்தும் அகலமான பிரேக் ஷூக்களும் வாங்கி வந்தார். டிரம் சக்கரத்துக்குள் உட்காரவில்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். அப்போதும் ஒரு பக்கம் உரசியது. மூன்றாம் நாள் காலையில் குப்புராஜ் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

"இடது கால் நல்லாத்தான் கீது. நான் பெடலை மிதிக்கிறேன், நீ அடியில பாரு. ஜல்தி, இன்னும் மூணே நாள்."

மிதி, விடு, மிதி. சாயங்காலத்துக்குள் உரசல் நின்றது.

ஆறாம் நாள், அதே இறக்கம், அதே கோடு. நாகம் சீறிக்கொண்டு இறங்கி, இரண்டாவது கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து டயருக்கும் கோட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். "இன்னொரு தரம்" என்றார். மறுபடியும் அதே முழம். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பாலிசி முடிய ஒரு நாள் இருக்கும்போது புதியது கைக்கு வந்தது. பின்னால் ஒரு தாள் தனியாக டைப் அடித்து இணைத்திருந்தார்கள். தசரதன் வரிவரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். இரட்டைக் கார்பரேட்டர், சீவிய தலை, பெரிய ரேடியேட்டர், கூட்டிய ஸ்பிரிங் பட்டை, மாற்றிய பிரேக். சின்னக்கண்ணு அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஸ்டாண்டில் நான்கு பேர் பிறகு அவரிடம் வந்து தங்கள் வண்டியையும் திறந்து காட்டினார்கள். வேடியப்பன் வரவில்லை. வேஷம் கட்டுவதையும் விடவில்லை.

1982இல் கண்ணமங்கலம் தாண்டி, எதிரே வந்த லாரி ஒன்று நாகத்தின் முன்பக்கத்தை உரித்துக்கொண்டு போனது. கம்பெனி ஆள் வந்தார். பானெட்டைத் திறந்தார், தாளைப் பார்த்தார், கார்பரேட்டரை எண்ணினார். "ரெண்டு போட்டிருக்கு, ரெண்டு இருக்கு" என்று சொல்லி பானெட்டைச் சாத்தினார். விசாரணை அதோடு முடிந்தது. ஒரு மாதத்தில் கம்பெனி பணத்தில் வண்டி புது மூஞ்சியோடு ஸ்டாண்டுக்குத் திரும்பியது.

1986இல் சின்னக்கண்ணு சொந்தமாகப் பட்டறை போட்டார். பிரேக் வேலைக்கு என்றே வந்தவாசியிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. நாகத்தை விற்கிற பேச்சு வந்தபோது பெங்களூர் வரைக்கும் ஆள் இருந்தது. அவர் வேறு யாரிடமும் பேசவில்லை. ஏழு வருஷம் அரிசி மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த குப்புராஜைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்றார்.

இன்சூரன்சை எழுத தசரதன் பட்டறைக்கே வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். ஃபாரத்தைப் பலகையில் வைத்து, பழைய பழக்கத்தில் கேட்டார்.

"மாறுதல் ஏதாச்சும் உண்டா?"

கேட்ட பிறகுதான் தாம் கேட்டது அவருக்கே உறைத்தது. பேனா நின்றுவிட்டது. சின்னக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு குப்புராஜைப் பார்த்தார்.

"ரெண்டும் உண்டுய்யா" என்றான் குப்புராஜ். "பேரும் மாறுது, உள்ள கீறதும் மாறினதுதான். எல்லாத்தயும் எழுதிக்கோ. பிரேக்கை மொதல்ல எழுது."