மேரியைத் தெரியாத கடவுள்

துபாயிலிருந்து மஸ்கட்டுக்குப் பேருந்துக் கட்டணம் ஐம்பது திர்ஹாம். வியாழன் காலை அல் குசைஸில் தம்பி வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஹத்தா எல்லையில் வெயிலில் நின்று முத்திரை வாங்கி, மாலையில் மஸ்கட்டில் தங்கை வீடு இருக்கும் ரூவி போய்ச் சேர்ந்தேன். வழிநெடுக மலைகளில் பேருக்குக்கூட ஒரு புல் இல்லை. ரூவியோ அசல் நம் ஊர்க் கடைத்தெரு. தங்கை ஜெபா பேருந்து நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள்.

வெள்ளி காலை ஆராதனை. இங்கே விடுமுறை வெள்ளிதானே. தேவாலய வளாகத்தில் ஒரே கூடத்தைப் பல சபைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்பது முதல் பதினொன்று வரை தமிழ்ச்சபை. அதன்பின் ஆப்பிரிக்கப் பெண்கள். பெரும்பாலும் வீட்டுவேலை செய்பவர்கள்.

நம் சபை வழக்கம் தெரிந்ததுதான். பிரசங்கம் முடிந்தாலும் ஆராதனை முடியாது. பிறந்தநாள், திருமணநாள், புதுக் கார் என்று எல்லோரும் காணிக்கையோடு முன்னால் போவார்கள். ஆளுக்கொரு ஜெபம், ஒரு பாட்டு. பதினொன்றரை ஆகியும் வரிசை நகரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

வெயிலில் அந்தப் பெண்கள் காத்து நின்றார்கள். கென்யாக்காரி ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள்: "உள்ளே என்ன நடக்குது?"

சொன்னேன்.

"எனக்கும் இன்னைக்குப் பிறந்தநாள்தான். இவங்க எனக்காக ஜெபிக்கணும்னு நிக்கிறாங்க. பன்னிரண்டு மணிக்கு வேலை செய்யிற வீட்டு வண்டி வந்துடும். மாசத்துக்கு ஒரு வெள்ளிதான் லீவு. போன மாசமும் ஜெபிக்காமலே போனேன்."

சற்று யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய் வரிசையின் முன்னால் நின்றுவிட்டாள். பின்னாலேயே நானும் போனேன்.

"ஏக்கா, இந்தக் காப்பிரி எதுக்கு நம்ம வரிசைல நிக்கா?" என்றாள் ஜெபா. பெண் பார்க்க வந்தவர்கள் முன் இதே கறுப்பு முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் இருவரும். அவள் கையைக் கிள்ளினேன்.

போதகர் பெயர் கேட்டார்.

"வேலை செய்யிற வீட்டுல மேரின்னு கூப்பிடுவாங்க. எனக்கு முன்னால இருந்தவ பேரு அது. புதுப் பேரு பழகக் கஷ்டம்னு எனக்கும் அதையே வச்சுட்டாங்க. என் பேரு வாஞ்சிரு. இந்தத் தோலும் இந்த முடியும் கொடுத்துப் படைச்சவருக்கு மேரியைத் தெரியாது."

போதகர் ஜெபித்துவிட்டுப் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கினார். பெயர் வரும் இடத்தில் சபை தடுமாறியது; இரண்டாம் முறை சரியாகப் பாடியது. வெளியே நின்றவர்கள் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மீதி வரிசையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார் போதகர். அதில் ஜெபாவின் திருமணநாளும் போயிற்று.

பன்னிரண்டுக்கு வாசலில் வண்டி வந்தது. "மேரி, யல்லா, ஏறு" என்றான் ஓட்டுநர். அவள் ஏறிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஜெபா கேட்டாள்: "அவ பேரு என்னக்கா சொன்னா?"

"வாஞ்சிரு."

"வாஞ்சிரு. இனிமே நாங்க பதினொண்ணுக்கு முடிச்சிரணும்."

பாளையங்கோட்டைக்குத் திரும்பிய சில வாரங்களில் என் பிறந்தநாள் வந்தது. எங்கள் போதகர், "சாமுவேல் சார் வீட்டம்மா" என்று வழக்கம்போல் அழைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயருக்குத்தான் எழுந்து போயிருக்கிறேன். இந்த முறை மைக் பக்கம் குனிந்து, "என் பேர் ரத்னபாய்" என்றேன்.

பாட்டில் பெயர் வரும் இடத்தில் சபை தடுமாறியது.