டிவி எந்த ரூம்ல வெப்பீங்க?

2011-ல் கடலூரில் ஒரு கடைக்காகக் கண்காணிப்புக் கேமரா விற்றுக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்தே பாதி உயிர் போய்விடும். அன்றைக்கு அண்ணாமலை நகரில், மாணவிகள் தங்கும் ஒரு தனியார் ஹாஸ்டல். மாடி வராந்தாவுக்கு நாலு கேமரா வேண்டும் என்றார் ஓனர்.

"என்ன சார் பயம்?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்க சார். சேஃப்டி வேணாமா?"

மாடியில் டேப்பை இழுத்து ஒயருக்கு அளந்துகொண்டிருந்தேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி திரும்பினாள்.

"அண்ணா, கேமராவுல தெரியுறதப் பாக்குற டிவி எந்த ரூம்ல வெப்பீங்க?"

"ஓனர் ரூம்லதாம்மா."

அவள் அப்போதுதான் போட்ட ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டாள்.

கேமரா மாட்ட எத்தனை இடத்தில் இப்படி அளந்து சர்வே எடுத்திருப்பேன்! எதைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கீழே போய், "வாசல் கேட்டுக்கு ஒண்ணு போதும் சார், மாடிக்கு வேணாம்" என்றேன்.

"விக்க வந்தியா, புத்தி சொல்ல வந்தியா?" என்றார். ஆர்டர் போச்சு. கடையில் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த ஆர்டர் போன அடுத்த மாதம் அதே வழியாகப் போனேன். ரோட்டிலிருந்தே மாடி தெரிந்தது. வேறு யாரோ நாலு கேமராவையும் மாட்டியிருந்தார்கள். நல்ல வெயில். கொடியில் ஒரு துணிகூட இல்லை.