சாப்டாச்சா அக்காவும் ஒரு வேண்டாமும்

எங்கள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதிப் பேருக்கு வாயால் சாப்பிட முடியாது. அங்கே வந்து எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் "சாப்டாச்சா?" என்று கேட்கிற ஒருத்தியை என்னவென்று சொல்வது! வாட்ச்மேன், பெரிய டாக்டர், லிஃப்டில் அகப்பட்ட பெற்றோர் என்று யாரையும் விடமாட்டாள். வென்டிலேட்டரில் கண்மூடிக் கிடக்கிற குழந்தையிடமும் குனிந்து கேட்பாள். பிறகு கட்டிலருகே பால் இறக்கும் பம்பைப் பார்த்து அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். இந்த டயட்டீஷியனுக்கு நர்சுகள் நாங்கள் வைத்த பெயர் சாப்டாச்சா அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவள்தான், பெயருக்குத்தான் அக்கா. சுட்டுப்போட்டாலும் அவளுக்குச் சமையல் வராது. வீட்டில் அடுப்படி முழுக்கக் கணவர் கையில்.

எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது மூக்குக் குழாயில் போகிற பாலை நிறுத்துவோம். திரும்பி வந்ததும் தொடங்கினேனா என்று என் பிராணனை வாங்குவாள். மருந்து கொஞ்சம் தாமதமானால் பதறுகிறீர்கள், சாப்பாடு தாமதமானால் மட்டும் யாருக்கும் உறைப்பதில்லையே என்று டாக்டர்களிடமே சண்டைக்குப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் சொல்வது சரிதான், அதுதான் எரிச்சலே.

நிமோனியாவோடு நாலு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வயிறு தாங்குமா என்று டாக்டர் தயங்கியபோது, சொட்டுச் சொட்டாகவாவது தொடங்கலாம் என்று வாதாடிப் பாலை ஏற்ற வைத்தவள் இவள்தான். குழந்தை பிழைத்து, மூச்சுக் குழாயை எடுத்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பில்லை. விழுங்கினால் புரை ஏறியது. இன்னும் சில நாள் மூக்குக் குழாய்தான் சோறு. அவளோ அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். இப்படியே சத்து இறங்காமல் போனால் மூச்சுவிடும் தசை சோர்ந்துவிடும், மறுபடி மெஷினில்தான் போடவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பிடுங்கினால் கையைத் துணியால் கட்டிவைப்பது என்று முடிவாயிற்று. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மறுபடி குழாயைப் போட்டு டேப் ஒட்டும்போது, அந்தக் கரகரத்த தொண்டையிலிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டுடறேன் சிஸ்டர்... சாப்பிட்டுடறேன்."

எனக்கு ஒரே குஷி. குழந்தைக்குப் பசி வந்துவிட்டது! அக்காவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் முகம் மலரவில்லை. குனிந்து குழந்தையின் கண்களைப் பார்த்தாள்.

"இது பசி இல்ல சிஸ்டர். கெஞ்சுறா."

பிறகு அம்மாவை ஓரமாக அழைத்து, வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.  அம்மா பொலபொலவென்று கொட்டிவிட்டாள். இவள் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் வீட்டையே சுற்ற வேண்டுமாம். சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயோடு பார்த்து வந்த நாளிலிருந்து, "சாப்பிடலன்னா உனக்கும் மூக்குல குழாய் போடுவாங்க" என்று மிரட்டுவாளாம். காய்ச்சல் வந்த அன்றுகூட அதைச் சொன்னாளாம்.

"என் வாக்கே பலிச்சிடுச்சே," என்று அழுதாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களைக் காட்டி எத்தனை வீட்டில் சோறு ஊட்டுகிறார்கள்! சம்பளமில்லாமல் பூச்சாண்டி வேலையும் பார்க்கிறோம். அந்தக் குழந்தைக்கு நான் நர்ஸ் இல்லை, தண்டனை கொடுக்க வந்தவள். 

"நாங்க சொன்னா நம்ப மாட்டா," என்றாள் அக்கா. "நீங்க போட்ட பயம். நீங்கதான் எடுக்கணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"கண்ணு, நீ சாப்பிடாததால இத போடல. உன் நெஞ்சுல சளி, அதான். அம்மா சொன்னது பொய். நீ ஒரு தப்பும் பண்ணல."

குழந்தை அவள் பக்கம் முகத்தைத் திருப்பியது. "பொய்யா?"

"பொய்தான்டா."

அக்கா சும்மா இருப்பாளா? பம்பு பொத்தானை அந்தக் குச்சி விரலாலேயே அழுத்தவைத்தாள். பால் குழாயில் இறங்குவதைக் காட்டி, இது உன் சாப்பாடு, நீ விழுங்கக் கற்றுக்கொள்ளும்வரை இந்த வழியாக வருகிறது என்றாள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு முறை கை மூக்குப் பக்கம் போனது. ஆனால் பாதி வழியில் திரும்பிவிட்டது. கட்டுவதற்கு எடுத்துவைத்த துணியை நான் அலமாரிக்குள் போட்டேன்.

மெல்ல மெல்ல உடம்பு தேறியது. இருமல் பலமானது, தலை துவளாமல் நின்றது. விழுங்குவதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வாழைப்பழத்தைக் குழைத்து ஊட்டச் சொன்னார்கள். அம்மா ஊட்டினாள். ஒரு கரண்டி உள்ளே போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அடுத்த கரண்டி வந்தபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வேண்டாம்."

பழைய பழக்கத்தில் அம்மாவின் வாய் திறந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அப்படியே மூடிக்கொண்டு, கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "சரி கண்ணு. போதும்."

ஒவ்வொரு வாய்க்கும் எங்களோடு மல்லுக்கு நிற்கிற சாப்டாச்சா அக்கா, அந்த 'வேண்டாம்' கேட்டுக் கண் கலங்கச் சிரித்தாள். மிச்சத்தைக் குழாய் பார்த்துக்கொள்ளும் என்றாள்.

குழந்தை மட்டும் இன்னும் நம்பவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். வெறுங்கை; குழாயும் இல்லை, டேப்பும் இல்லை.  பிறகு, நிஜம்தானா என்று பார்க்கிற மாதிரி, இன்னொரு தரம் சொன்னது, இந்த முறை சத்தமாக.

"வேண்டாம்."