இடப்பக்கம் காலியாக இருந்திருக்க வேண்டும்

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. நான் படித்தது அணு மருத்துவத் தொழில்நுட்பம். படத்தில் ஒரு புள்ளி தப்பாகத் தெரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பது என் வேலை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் என் பொறுப்பு. கை நரம்பில் துளி கதிரியக்க மருந்து ஏற்றுவோம், அது ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் சேரும், படுக்கைக்கு அடியில் இருக்கும் கேமரா அதைப் படம் படமாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக வேலை செய்கிற சிறுநீரகம் வெளிச்சமாகத் தெரியும். பழுதானது மங்கலாக இருக்கும். இல்லாத இடம் இருட்டு.

அன்று மத்தியானம் வந்தவர் சோழபுரம் சண்முகத்தாய் அக்கா, மில்லில் வேலை பார்த்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த வலது இப்போது பழுதாகி வந்தது. அது இன்னும் தாங்குமா, இல்லை டயாலிசிஸ்தானா என்று தெரியத்தான் ஸ்கேன். கூட வந்ததும் அந்தத் தம்பியேதான், மாரிச்செல்வம், மினி பஸ் டிரைவர்.

“எக்கா, உள்ள போயி மேடத்துக்கிட்ட வம்பு வளக்காத.”

“போலே. என் சாமான வயித்துல வச்சுக்கிட்டு எனக்கே புத்தி சொல்லுதான் பாரு.”

“வேணும்னா கழத்தித் தாரேன், எடுத்துக்கோ.”

“உன் வண்டி டயரு மாதிரி தேஞ்சு போயிருக்கும், எனக்கு வேண்டாம்.”

தம்பியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அக்காவைப் படுக்க வைத்து ஊசி போட்டேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து திரை முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது எனக்கு ஸ்பீக்கரில் கேட்கும். வலது சிறுநீரகம் மெல்லத் தெரிந்தது, பயந்த மாதிரியே ரொம்ப மங்கல். பாவமாக இருந்தது. அப்புறம் இடப்பக்கம் வெளிச்சம் வந்தது.

முதுகுப் பக்கமிருந்து எடுக்கும் படம், இடது இடதாகவே தெரியும், குழம்ப வழியில்லை. ஓரம் சுத்தமாக, அவரை விதை வடிவத்தில், வலதைவிடப் பளிச்சென்று ஒரு சிறுநீரகம்.

நான் வரிசையாகப் பார்த்தேன். வேறு யாருடைய படமாவது திறந்திருக்கிறதா? இல்லை. மண்ணீரலா? அது முதலில் தெரிந்து பிறகு மங்கிவிடும், இது நேரம் ஆக ஆகக் கூடியது. விரிப்பில் மருந்து சிந்தியிருக்கிறதா? உள்ளே போய் விலக்கிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. அறுத்த தழும்பு? இடப்பக்கம்தான்.

“என்ன தாயி, இடது பக்கம் வந்திருக்கா?” என்றார் அக்கா. நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“என்னக்கா வந்திருக்கு?”

“கதகதன்னு இருக்கு. பிள்ளைய இடுப்புல வச்ச மாதிரி.” சொல்லும்போதே அவர் முகம் மாறியது. “தம்பி எங்க? அவனப் பாரு தாயி, ஓடு.”

மாரிச்செல்வம் பெஞ்சில் வேர்த்து ஊற்றி உட்கார்ந்திருந்தார். கை வலது அடிவயிற்றில். மாற்றுச் சிறுநீரகத்தை அங்கேதான் வைத்துத் தைப்பார்கள், தொட்டால் கட்டியாகத் தட்டுப்படும்.

“வலிக்குதா அண்ணே?”

“வலியே இல்ல மேடம், அதான் பயமா இருக்கு. செத்த நேரமா இங்கன ஒண்ணுமே இல்ல.” அழுத்திக் காட்டினார். விரல்கள் பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கின.

டாக்டரைக் கூப்பிடச் சொல்லி ரிசப்ஷனைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பி ஓடினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. நான் திரைக்கு வந்தேன். அவர் கண்ணை மூடி, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, தூங்கும் குழந்தையை எழுப்புகிற மாதிரி மெதுவாகத் தட்டினார்.

“போ,” என்றார்.

எங்கள் பக்கம் கிளம்புகிற யாரிடமும் அப்படிச் சொல்ல மாட்டோம். கடன்காரனைக்கூட ‘போயிட்டு வா’ என்றுதான் அனுப்புவோம். அவர் ‘வா’வைச் சேர்க்கவில்லை.

திரையில் இடப்பக்கம் அணைந்தது. சிறுநீரகம் வேலை முடித்தால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும். இது ஒரு படத்தில் இருந்தது, அடுத்த படத்தில் இல்லை.

டாக்டர் வந்து பார்த்தபோது மாரிச்செல்வம் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். “வாயுவா இருந்திருக்கும் சார். இப்ப கைக்குத் தட்டுப்படுது.” அவருக்கு எடுத்த பரிசோதனைகள் எல்லாம் நன்றாக வந்தன. என் படங்களைப் பார்த்த டாக்டர், மருந்து எங்கேயோ சிந்தியிருக்கிறது என்றார். சிந்தவில்லை. வலது தாங்காது என்று ரிப்போர்ட் போனது.

அக்காவுக்கு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ். கூட்டிப் போவது தம்பிதான், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் பார்க்கப் போனபோது, அவர் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

“அது அங்கனயே இருந்திருந்தா உங்களுக்கு இந்த ஊசியெல்லாம் இல்லையேக்கா. ஏன் போகச் சொன்னீங்க?”

குழாய் செருகிய கையை அசைக்காமல் என்னைப் பார்த்தார். “அது கேட்டுச்சே தாயி, ‘இருக்கட்டுமா’ன்னு. இருன்னு எப்படிச் சொல்ல? அவன் வெளிய உக்காந்திருக்கான்ல.”

ஒன்றை மட்டும் நான் டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். அக்கா ‘போ’ என்று சொல்வதற்குச் சற்று முன்னால் ‘இருக்கட்டுமா’ என்ற அந்த ஒரு வார்த்தை ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று தெரியவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பது போல இருந்தது.